சாட்சிக்கூண்டில் இயன்முறை மருத்துவர்

சாலை விபத்தில் கால் முறிந்தவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும்போது, முறிவையும் அறுவை சிகிச்சையையும் பற்றிச் சாட்சியம் அளிப்பவர் எலும்பியல் மருத்துவரே எனினும், எலும்பு கூடிய பின் அக்காலால் என்னென்ன இயலும் என்பதை மாதக்கணக்கில் அருகிருந்து அளப்பவர் பெரும்பாலும் இயன்முறை மருத்துவர்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு, அறிவியல், கலை ஆகியவற்றோடு வேறெந்தத் துறையிலும் தனித் தேர்ச்சி பெற்றவரின் கருத்துக்கு இடமளிப்பதால், அவருடைய சாட்சியத்துக்கும் அங்கே வழியுண்டு.

அச்சாட்சியம் எதற்குப் பயன்படும் என்பதை ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பிலிருந்து உணரலாம். நிரந்தர ஊனத்தின் சதவீதமும் வருவாய் ஈட்டும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று விளக்கிய அத்தீர்ப்பு, இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பு ஏறக்குறைய முழுமையாக அற்றுப்போகலாம் என்றும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்றும் எடுத்துக்காட்டியது. ஆகவே முழங்கால் 95 பாகைதான் மடங்குகிறது என்று சொல்லி நிறுத்துவது போதாது. நாற்காலியிலிருந்து எழுவதற்கு அது ஏறத்தாழப் போதுமாயினும், தரையோடு குந்தி அமர 130 பாகைக்கு மேல் தேவைப்படுவதால், குந்தியபடி தளம் பூசும் கொத்தனாரால் அவ்வேலையைப் பழையபடி செய்ய இயலாது என்பதை அளவோடும் காரணத்தோடும் சொல்ல வேண்டும். ஏழைத் தொழிலாளியின் வழக்கில் இந்த விளக்கம் விடுபட்டுப்போவது உண்மையிலேயே பெரிய இழப்பு.

குறுக்கு விசாரணையில் நிலைத்து நிற்பது வழக்குக்காக எழுதிய அறிக்கையன்று, சிகிச்சையின்போதே தேதியிட்டு எழுதிய குறிப்பே. மூட்டசைவை அளக்கும் கோணமானியில் 5 பாகை வரையிலான வேறுபாடு அளவீட்டுப் பிழையாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதற்குட்பட்ட மாற்றத்தை முன்னேற்றமென்றோ சரிவென்றோ வாதிடாமல் இருப்பதே அறிவுடைமை. தசை வலிமையை 0 முதல் 5 வரை தரப்படுத்தும் கைச்சோதனையிலும், 4க்கும் 5க்கும் இடையிலான கணிப்பு சோதிப்பவரைப் பொறுத்து மாறும்; இதைத் தாமே முன்வந்து கூறும் சாட்சியின் மற்றக் கூற்றுகளுக்கு நம்பகம் கூடுகிறது. சோதனைக்குச் சோதனை அளவுகள் முரண்பட்டால் அம்முரண்பாட்டை அப்படியே பதிய வேண்டுமேயன்றி, நோயாளி நடிக்கிறார் என்று எழுதலாகாது. வலி, அச்சம், சோர்வு ஆகியனவும் அளவை மாற்றும், நோக்கத்தை அளக்கும் கருவியோ எவரிடமும் இல்லை.

வருவாய் இழப்பு எத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் வற்புறுத்தினாலும், அது தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டியது என்று மறுப்பதும், எலும்பின்மீது பொருத்திய தகட்டை மீண்டும் எடுக்க வேண்டியிருக்குமா என்று கேட்டால் அறுவை செய்தவரிடம் கேட்குமாறு கூறுவதும் இயன்முறை மருத்துவருக்குரிய எல்லை. தம்மை அழைத்த தரப்புக்கு அவ்விடை பாதகமாக அமைந்தாலும் அதில் மாற்றமில்லை.