கோப்பு ஒன்றுக்கு அரை நொடி

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னை - போர்ட் பிளேர் கடலடி கேபிள் திறக்கப்படும்வரை அந்தமானில் இணையம் என்றால் பெரும்பாலும் செயற்கைக்கோள்தான். அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் கேட்பது மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும், பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு நடைக்கு அரை நொடி கழிந்துவிடும். காசு கொடுத்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், இந்த அரை நொடியை மட்டும் யாராலும் குறைக்க முடியாது.

போர்ட் பிளேரின் ஷாதிபூரில் இருந்துகொண்டு லாட்ஜ்களுக்கும் படகு டிக்கெட் போடுபவர்களுக்கும் ட்ரூபல் மென்பொருளில் தளம் கட்டித் தருவது என் பிழைப்பு. மாட்யூலிலிருந்து ஸ்டைல்ஷீட்டையும் ஸ்கிரிப்டையும் எப்படி ஏற்றுவது என்று இப்போது யார் கேட்டாலும், அந்த அரை நொடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

ஹேவ்லாக் படகுக்குத் தேதி தேர்ந்தெடுக்க ஒரு நாள்காட்டி மாட்யூல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு ஸ்டைல்ஷீட், ஒரு ஸ்கிரிப்ட். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஹூக்கில் இரண்டையும் மாட்டிவிட்டால் வேலை நடந்துவிடும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் போன் நம்பர் மட்டும் இருக்கும் பக்கத்திலும் நாள்காட்டி இறங்கும். இப்படியே மாட்யூலுக்கு ஒன்று எனச் சேர்ந்து முப்பது ஸ்டைல்ஷீட் ஆனதென்றால்? பழைய எச்டிடிபி முறையில் பிரவுசர் ஒரு சர்வரிடம் ஒரே நேரத்தில் ஆறு கோப்புதான் கேட்கும். முப்பதுக்கு ஐந்து நடை, அதாவது இரண்டரை நொடி. ஸ்டைல்ஷீட் எல்லாம் வந்து சேரும்வரை பிரவுசர் எதையும் வரையாது. “நம்பர் பாக்கத்தான் வந்தேன் தம்பி, வெள்ளையாவே நிக்குதே” என்று ஒரு லாட்ஜ்காரர் என்னிடம் போனை நீட்டினார். வேறு யாரோ கட்டிக் கொடுத்த தளம். அதில் நடந்தது இதுதான்.

ட்ரூபல் 8 முதல் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. மாட்யூலின் பெயரோடு ‘லைப்ரரீஸ்’ என்று முடியும் யாமல் கோப்பு ஒன்றை மாட்யூல் ஃபோல்டரில் வைத்து, என்னென்ன கோப்பு, எது எதை நம்பியிருக்கிறது என்று அதில் எழுதிவிட வேண்டும். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் விழுந்தால் யாமல் முரண்டு பிடிக்கும். எழுதி வைத்ததாலேயே எதுவும் பக்கத்தில் ஏறாது. நாள்காட்டியை உருவாக்கும் ரெண்டர் அரேயில் ‘அட்டாச்டு’ என்ற சாவியின் கீழ் அந்த லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால்தான் ஏறும். நாள்காட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும். ஜேக்வெரி வேண்டுமென்றால் அதையும் சார்பு என்று எழுதுங்கள். கேட்காதவருக்கு ட்ரூபல் 8 அதைத் தானாக ஊற்றுவதில்லை.

ட்ரூபல் 7-இலிருந்து வருகிறவர்கள் ‘ட்ரூபல் ஆட் சிஎஸ்எஸ்’ ஃபங்ஷனை மறக்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே ஒரு வரி, கோப்பு ஏறிவிடும். அதில்தான் ஒரு வஞ்சகம் உண்டு. பிளாக்கை உருவாக்கும் ஃபங்ஷனுக்குள் அந்த வரி இருக்கிறது, பிளாக் கேச்சும் போட்டிருக்கிறீர்கள். முதலில் வருபவருக்கு ஃபங்ஷன் ஓடும், பிளாக் அழகாகத் தெரியும். அடுத்தவருக்குக் கேச்சிலிருந்து எச்டிஎம்எல் மட்டும் வரும். ஃபங்ஷன் ஓடாததால் ஸ்டைல்ஷீட் சேராது, பிளாக் அம்மணமாக நிற்கும். கேச்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் இப்போது முதல் ஆள் நீங்கள்தான்! அட்டாச்டு முறையில் இந்தத் தொல்லை கிடையாது. கோப்பின் பெயர் ரெண்டர் அரேயோடு சேர்ந்தே கேச்சுக்குள் போகிறது, சேர்ந்தே வெளியே வருகிறது. அட்டாச்டு ட்ரூபல் 7-லேயே இருந்தது, பழக்கதோஷத்தில் பலர் தொடவில்லை. 8-இல் பழைய ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

ஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ட்ரூபலின் பிஹேவியர் ஒவ்வொரு அஜாக்ஸ் மாற்றத்துக்குப் பிறகும் திரும்ப ஓடும். ஒரு முறை மட்டும் ஓட வைக்கும் ‘ஒன்ஸ்’ சேர்க்காவிட்டால் ஒரே பட்டனில் இரண்டு மூன்று கிளிக் வேலை ஏறிக்கொள்ளும்.

கோப்பை இப்படி ஏற்றும் வழிக்கு வேர்ட்பிரஸில் ‘என்க்யூ’, ஜூம்லா 4-இல் வெப் அசெட் மேனேஜர். பெயர்தான் வேறு.

எழுத்துருவை வெளித்தளத்திலிருந்து இழுப்பதை நான் அறவே நிறுத்திவிட்டேன். புது சர்வர் என்றால் முகவரி தேட ஒரு நடை, இணைப்புக்கு ஒன்று, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்குக் குறைந்தது ஒன்று, அப்புறம்தான் கோப்பைக் கேட்க ஒன்று. செயற்கைக்கோள் வழியில் இரண்டு நொடி போன பிறகுதான் முதல் பைட் தலைகாட்டும். தமிழ் எழுத்துருவை மாட்யூலுக்குள்ளேயே வைத்துவிட்டால் இதெல்லாம் இல்லை.

கேபிள்தான் வந்துவிட்டதே, எச்டிடிபி/2 வேறு ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் கேட்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் படகு கரையை விட்டு விலகியதும் போனில் ஒரு கோடு சிக்னல்தான் நிற்கும், டிக்கெட்டைத் திறந்து பார்ப்பதும் அப்போதுதான். அதனால் குரோமின் நெட்வொர்க் பகுதியில் 600 மில்லிநொடித் தாமதத்தோடு ஒரு அமைப்பு செய்து வைத்திருக்கிறேன். எந்த மாட்யூலும் அதில் ஓடிப் பார்த்த பிறகே வெளியே போகும். கடைசியாக ஒன்று: கோப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வசதியை மாட்யூல் எழுதும்போது அணைத்து வைத்திருப்போம், தளத்தை ஒப்படைக்கும் அன்று ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்துக்குப் போய் மறக்காமல் போட்டுவிடுங்கள்.