சுவாமிமலை பஸ்ல ஒரு அரை டிக்கெட்



போன மாசம் அக்கா பையனைக் கூட்டிட்டு சுவாமிமலை போயிருந்தேன். அவனுக்கு ஆறு வயசு, ஒண்ணாம் கிளாஸ். கும்பகோணத்துல பஸ் ஏறினதும் கண்டக்டர், "தம்பிக்கு என்ன வயசு?"ன்னு கேட்டார். சின்னக் குழந்தைங்கன்னா டிக்கெட் இல்லையே. யோசிக்கவே இல்ல, "நாலுதாண்ணே"ன்னு சொல்லிட்டேன். பக்கத்து ஊர்தான். அரை டிக்கெட்டை மிச்சம் பிடிச்சு நான் என்ன வீடா கட்டப் போறேன்? ஆனாலும் வாய்ல வந்துடுச்சு. கண்டக்டர் சிரிச்சுகிட்டே அவன்கிட்டயே கேட்டார்: "என்னப்பா படிக்கிற?" பையன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "எல்கேஜி"ன்னான்.

நான் சொல்லிக் கொடுக்கல. அவனாவே பிடிச்சுக்கிட்டான்.

1961-ல ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியலாளர் அமெரிக்காவுல ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை செய்தார். 72 சின்னக் குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைங்க முன்னால ஒரு பெரியவர் காத்தடைச்ச பொம்மையை அடிக்கிறார், திட்டுறார். அப்புறம் அந்தக் குழந்தைங்களை வேற அறையில விட்டா, பல பேர் அதே மாதிரி அடிச்சாங்க, அவர் சொன்ன வார்த்தையையே சொன்னாங்க. யாரும் 'அடி'ன்னு சொல்லல, பார்த்தது மட்டும்தான். காலேஜ்ல இதைப் படிச்சப்போ எனக்குப் பெருசா தோணல. அந்த 'எல்கேஜி'க்கு அப்புறம்தான் உறைச்சது.

கோயில்ல 60 படி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் வருஷத்தோட பேரு. எண்ணிக்கிட்டே ஏறினான். மேல உட்கார்ந்து தலக்கதையைச் சொன்னேன். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் சிறையில போட்டது, சிவபெருமானே வந்து 'விடுப்பா'ன்னு கேட்டது, அப்பா சொன்னதும் விட்டது, அப்புறம் மகன் குருவா இருக்க, அப்பா சீடனா நின்னு கேட்டது. நாம எல்லாரும் கேட்ட கதைதான்.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சிவன் ஏன் மாமா முருகனைத் திட்டல?"

இந்தக் கதையை இத்தனை வருஷமா முருகனோட பெருமையா மட்டுமே கேட்டிருக்கேன். அதுல ரெண்டு பெரியவங்க இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். ஒருத்தருக்குப் பதவி இருக்கு, ஆனா தினமும் சொல்ற மந்திரத்துக்கே பொருள் தெரியல. சின்னப் பையன்தானேன்னு வணங்காம வேற போறார். இன்னொருத்தர் எல்லாம் தெரிஞ்சவர், ஆனாலும் பிள்ளை முன்னால வாய் பொத்திக் கேட்கிறார். இன்னைக்கும் சுவாமிமலையில மகன் சன்னதி மேல, அப்பா சுந்தரேசுவரர் சன்னதி கீழ.

வாரியார் சுவாமிகளை நினைச்சுக்கிட்டேன். 1906-ல காங்கேயநல்லூர்ல பிறந்தவர். அவருக்குப் பள்ளிக்கூடமே அவங்க அப்பா மல்லையதாசர்தான். அப்பாவும் சொற்பொழிவாளர். பாடம் சொல்லிக் கொடுக்கிற நேரத்தைவிட, அப்பா கூடவே இருந்து பார்த்த நேரம் அதிகமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். (இது என் ஊகம்தான்.)

கீழ இறங்கி அப்பா சன்னதியில வச்சுத்தான் அவன்கிட்ட சொன்னேன்: "காலையில பஸ்ல மாமா பொய் சொன்னேன்டா. தப்பு." சொல்றதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட 'என் கோட்ல தான் பக்'ன்னு ஒத்துக்கிறது இதைவிட ஈஸி.

"அப்போ நான் சொன்னது?"ன்னான்.

"அதுவும் என் தப்புதான்."

திரும்பி வர்றப்போ ஒண்ணரை டிக்கெட் வாங்கினேன். வேற கண்டக்டர். அவர் கேட்காமலே பையன் சத்தமா, "எனக்கு ஆறு வயசு, ஒண்ணாம் கிளாஸ்!"ன்னான். பஸ்ஸே சிரிச்சது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கம்முன்னு வந்தான். அப்புறம் என் கையை இழுத்தான்.

"காலையில வந்த கண்டக்டர் அங்கிள்கிட்ட யார் மாமா சொல்லுவா?"

வேலும் மயிலும் துணை.