புளியங்கொட்டைப் பசையும் பல் வைத்தியமும்

சிவகாசி வட்டாரத்தில் பசையின் அருமையை அறியாதார் இலர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த காலந்தொட்டு, பெட்டிக்குத் தாள் ஒட்டவும், பிற்காலத்தில் வெடிகளுக்குக் காகிதக் குழல் சுருட்டவும் பசையே உற்ற துணையாக இருந்து வருகிறது. அத்தகைய பசை ஒன்று பல் வைத்தியத்திற்கும் உதவும் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

வாய்ப்புண்ணுக்குக் கட்டு

கைகால்களில் புண் ஏற்பட்டால், இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணியைச் சுற்றி மருந்தைக் காக்கிறோம். ஆயின் ஈறிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ உள்ள புண்ணுக்குக் கட்டுப் போடுவது எங்ஙனம்? நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் உமிழ்நீர், தடவிய மருந்தைச் சிறிது நேரத்தில் கழுவிச் சென்றுவிடும். மிகுதியும் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

இக்குறையை நீக்கவே ஒட்டும் மருந்துப் படலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மெல்லிய தாள் போன்ற ஒரு துண்டைப் புண்ணின்மேல் வைத்தால், அது ஈரத்தை உறிஞ்சி ஊறி, சவ்வோடு ஒட்டிக்கொண்டு மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடும். புண்ணுக்கு மூடியாகவும் அமையும்.

புளியங்கொட்டையின் சிறப்பு

இப்படலத்திற்கு ஏற்ற தாவரப் பொருள்களுள் புளியங்கொட்டை ஒன்று. அதன் பருப்பில் கூழாகத்தக்க பொருள் நிறைய உண்டு என்பதை 1942ஆம் ஆண்டில் கோஷ், கிருஷ்ணா என்னும் இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதன்பின் நூலுக்குக் கஞ்சியிடப் பருப்பு மாவு நூற்பாலைகளில் பயன்படலாயிற்று. இப்பொருளின் அமைப்பு, நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள மியூசின் என்னும் வழவழப்புப் பொருளை ஒத்திருப்பதால், ஈரமான சவ்வின்மேல் நன்கு ஒட்டுகிறது. கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில் இது ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. வாய்க்கான படலமோ பெரும்பாலும் ஆய்வுக்கூட நிலையிலேயே இருக்கிறது.

செய்முறை

கொட்டையை வறுத்து மேல்தோலை நீக்கிப் பருப்பை மாவாக்குவர். மாவை வெந்நீரில் காய்ச்சி வடித்துச் சாராயச் சத்தைச் சேர்த்தால் தூய பசைப்பொருள் திரிந்து பிரியும். அதை நீரில் கரைத்து, முறியாதிருக்கச் சிறிது கிளிசரினும், அளந்த மருந்தும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் உலர்த்தித் துண்டுகளாக வெட்டுவர். பின்னர் கனம், மடிப்புத் தாங்கும் திறன், ஒட்டும் வலிமை, மருந்து வெளியாகும் வேகம் ஆகியவற்றைச் சோதிப்பர். கிருமி நீக்கமும் அளவும் தவறாதிருத்தல் வேண்டுமாதலால், இதனை எவரும் வீட்டில் செய்து வாயில் ஒட்டிப் பார்த்தல் ஆகாது.

விவசாயிக்கு என்ன பயன்?

ஒரு துண்டுக்கு 50 மில்லிகிராம் பசைப்பொருள் செல்வதாகக் கொண்டால், ஒரு கிலோவில் 20,000 துண்டுகள் ஆகும். எனவே மருந்துப் படலத்தை மட்டும் நம்பிப் புளியங்கொட்டை விலை ஏறும் என எதிர்பார்ப்பதற்கில்லை. கொட்டையைப் பெருமளவில் வாங்குவது மாவுத் தொழிலே. ஆயினும் பூஞ்சணம் பிடிக்காமல் நன்கு உலர்த்தி, மண்ணும் கல்லும் நீக்கிச் சேர்த்த கொட்டைக்கு எத்தொழிலிலும் மதிப்பு உண்டு. பஞ்சாயத்தார் புளிய மர மகசூலை ஏலம் விடும்போது, கொட்டையும் பொருளே என்பதை நினைவிற் கொள்வாராக.

மருந்தினும் முந்தியது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை நாட்டுத் தீப்பெட்டித் தொழிலாளர் பலர் வெண்பாஸ்பரஸ் புகையால் தாடையெலும்பு அழுகித் துன்புற்றனர். 1906ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கையும், நம் நாட்டில் 1913ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பொருளைத் தீக்குச்சியில் தடை செய்தன. அதன் பின்னரே சிவகாசித் தொழில் தோன்றியதால் நம் தொழிலாளர் அக்கேட்டிற்குத் தப்பினர். காரணத்தை நீக்கியதே அங்குச் சிறந்த வைத்தியமாயிற்று.

இன்று நம்மவர் வாயைக் கெடுப்பவை புகையிலையும் பாக்குமே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்டது. வேலையின்போது இவற்றை அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். இரு வாரத்தில் ஆறாத புண், வெண்திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே அரசு மருத்துவமனையை நாடுக. எத்துணை நல்ல படலமும், காலம் கடந்த புற்றுநோயை ஆற்றாது.

ஊர்தோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாய்ப் பரிசோதனை முகாம் நடத்த, ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு கூடி ஏற்பாடு செய்வது பஞ்சாயத்தின் கடமையாகும். புதிய மருந்து வரும்வரை காத்திராமல், இன்றே செய்யக்கூடிய பணி இது.