கேமரா வாங்கும் முன் மூன்று கேள்விகள்



புகைப்படம் என்கிறோம், நிழற்படம் என்கிறோம், ஒளிப்படம் என்கிறோம். பெயர் எதுவானாலும், நம் தமிழ் மாணவர்களில் பலருக்கு அது பிடித்தமான பொழுதுபோக்கு. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது இளைய மாணவர் யாராவது என்னிடம் வந்து, “அண்ணா, எந்தக் கேமரா வாங்கலாம்?” என்று கேட்பது வழக்கம். நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை. நான் காசு கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

நான் செய்த தவறு

2011ஆம் ஆண்டு தேசிய சேவை முடித்த கையோடு, சேர்த்து வைத்திருந்த படித்தொகையில் ஏறத்தாழ 1,900 வெள்ளிக்கு ஒரு கேமராவும் 70–300 மி.மீ. தொலைநோக்கு லென்ஸும் வாங்கினேன். பல வாரம் சஞ்சிகைகளைப் புரட்டி, அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எதைப் படம் எடுக்கப் போகிறேன் என்று மட்டும் நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு பாசிர் ரிஸ்ஸில். கிழக்கு மேற்குப் பெருவிரைவு ரயில் தடத்தின் கிழக்குக் கடைசி நிலையம் அது. பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காடு வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆறு ஹெக்டர் பரப்பில் அலையாத்தி மரங்கள், நடுவே பலகைப் பாதை, பறவை பார்க்க ஒரு கோபுரம். உயர்ந்த மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டும். சனிக்கிழமை காலை தவறாமல் அங்கே போய்விடுவேன்.

வீட்டில் அப்பாயி இருந்தார். காலையில் இடியாப்பம் பிழிந்துகொண்டே, “கொக்கைத்தான் எடுப்பியா தம்பி, என்னைய எடுக்க மாட்டியா?” என்பார். ஒரு நாள் எடுத்தும் பார்த்தேன். குறுகலான சமையலறை, ஒரே ஒரு குழல்விளக்கு. என் லென்ஸுக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் தூரம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்தேன். முகம் மங்கல், கைகள் அதைவிட மங்கல். “இன்னொரு நாள் நல்லா எடுக்கிறேன் அப்பாயி” என்று சொல்லிவிட்டேன்.

படம் ஏன் மங்கியது? கேமராவில் கோளாறு இல்லை. அந்த இடத்துக்கு ஒவ்வாத கருவியை நான் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். கடைக்குப் போகும் முன் நாம் விடை தேட வேண்டியவை மூன்று கேள்விகள். எதை எடுக்கப் போகிறேன்? அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளிச்சத்தின் கணக்கு

கேமராவுக்குள் வரும் ஒளியை நாம் இரண்டு வழிகளில் கட்டுப்படுத்துகிறோம். ஒன்று, லென்ஸின் துளை. மற்றொன்று, திரை திறந்திருக்கும் நேரம். கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதை ஐஎஸ்ஓ எண் தீர்மானிக்கிறது.

துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள். லென்ஸின் குவியத் தொலைவை இந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். ஆகவே எண் சிறிதானால் துளை பெரிது. உள்ளே வரும் ஒளி இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எஃப் 4.5 துளையோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 துளை ஆறு மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும்.

இதை எங்கள் சமையலறையில் பொருத்திப் பாருங்கள். அந்தக் குழல்விளக்கின் கீழ், ஐஎஸ்ஓ 1600 வைத்தால், எஃப் 4.5 துளைக்கு ஏறத்தாழ 1/25 நொடி தேவை. எஃப் 1.8 துளை இருந்தால் 1/160 நொடி போதும். இடியாப்ப உரலை அழுத்தும் கை 1/25 நொடியில் நகர்ந்துவிடும். 1/160 நொடியில் பெரும்பாலும் நின்றுவிடும்.

“என் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே!” என்று நானும் நம்பியிருந்தேன். அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். எதிரில் இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்குத் தேவை வேகமான திரை. வேகமான திரைக்குத் தேவை பெரிய துளை அல்லது கூடுதல் வெளிச்சம்.

பெரிய துளைக்கும் ஒரு விலை உண்டு. தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். எஃப் 1.8இல் மிக அருகிலிருந்து முகத்தை எடுத்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழலாம். ஆகவே குவியத்தை எப்போதும் கண்ணில் வையுங்கள்.

தூரத்தின் கணக்கு

நாரை முப்பது மீட்டர் தொலைவில் இருக்கும், அப்பாயி இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பார். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் பொருந்துமா?

உணரியின் அளவையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். முழுச்சட்ட உணரி 36க்கு 24 மி.மீ. மாணவர்கள் பெரும்பாலும் வாங்கும் ஏபிஎஸ்-சி வகை உணரி அதைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், முழுச்சட்டத்தில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் குறுகிய காட்சிதான் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டின் அறைக்குள் அது சற்று நெருக்கம். வீட்டுக்குள் எடுக்க 35 மி.மீ. வசதியானது.

பறவைகளுக்கு இதே குணம் நன்மையாகிறது. ஏபிஎஸ்-சியில் 300 மி.மீ. லென்ஸ், 450 மி.மீ. போல வேலை செய்யும். ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து எடுக்கும்போது திரை வேகம் 1/450 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது பழைய விதி. அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதைத் தளர்த்தலாம். பறக்கும் நாரைக்கு 1/1000 நொடியோ அதற்கும் வேகமாகவோ வேண்டும்.

கைத்தொலைபேசி போதாதா? பல வேளைகளில் போதும். இன்றைய தொலைபேசிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, மங்கிய வெளிச்சத்திலும் நல்ல படம் தருகின்றன. தொலைவில் இருக்கும் சிறு பறவை, வேகமான அசைவு, பெரிதாக அச்சிட வேண்டிய படம் ஆகியவற்றில்தான் தனிக் கேமரா இன்றும் முந்துகிறது. உங்கள் விருப்பம் இவற்றுள் இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

தாமே கருவி செய்துகொண்டவர்

தமக்கு எது வேண்டும் என்று தெளிவாக அறிந்திருந்த தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) அவர். இந்தியக் கானுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், படமும் எடுத்தவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொரு நிறுவனத்தின் லென்ஸ் என்று தாமே பொருத்திச் செய்த கருவியை அவர் பயன்படுத்தினார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையையே பிடித்துக்கொண்டார். கருவியின் தோற்றத்தைக் கண்டு சிரித்திருக்கலாம். அதில் பிறந்த படங்களைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. காட்டையும் யானையையும் முதலில் அறிந்துகொண்டார். அதற்கேற்ற கருவியைப் பிறகு தேடிக்கொண்டார். நானோ கருவியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற காட்சியைத் தேடி அலைந்தேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

2008இல் முதல் ஆடியில்லாக் கேமரா ஒன்று மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை உணரியோடு வெளிவந்தது. இன்று கேனன், நிக்கான் போன்ற நிறுவனங்களும் தங்கள் கவனத்தை ஆடியில்லாக் கேமராக்களுக்கு மாற்றிவிட்டன. இதனால் மாணவர்களுக்கு ஒரு நன்மை. பழைய ஆடிக் கேமராக்களும் அவற்றின் லென்ஸுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள அவை தாராளமாகப் போதும்.

பழைய கருவிகளைத் தேடுவோர் கோல்மன் ஸ்திரீட்டிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதியை அறிவார்கள். அங்கே ஒரு கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, “எந்த லென்ஸ் நல்லது?” கடைக்காரரான சீனப் பெரியவர் பதில் சொல்லவில்லை. “எதை எடுக்கப் போகிறாய்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். 1,900 வெள்ளி செலவழித்த பிறகுதான் அந்தக் கேள்வியை முதன்முறையாகக் கேட்டேன்!

சிங்கப்பூரில் 2012இல் தொடங்கிய கேரொசெல் வழியாகவும் பலர் வாங்குகிறார்கள். ரயில் நிலையத்தில் சந்தித்துப் பொருளைக் கைமாற்றும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

1. லென்ஸின் ஒரு பக்கத்தில் கைத்தொலைபேசி விளக்கை அடித்து, மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்க வேண்டாம்.

2. எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைக் குவியமின்றி எடுங்கள். படத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் உணரியில் தூசு.

3. அருகிலும் தொலைவிலும் தானியங்கிக் குவியம் சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

4. மின்கலமும் மின்னூட்டியும் அந்தக் கேமராவுக்கு உரியவைதானா என்று கேளுங்கள்.

காசு குறைவென்றால் உடலுக்குக் குறைத்து, லென்ஸுக்குக் கூட்டுங்கள். உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பல உடல்களைத் தாண்டியும் வாழும்.

நம் ஊர் வெப்பமும் ஈரமும்

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். துணி அலமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே சாதாரணம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டி சிறந்தது. அதற்கு வசதியில்லையா? காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். அவை நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.

குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை நேரே பூங்காவுக்கு எடுத்துப் போனால் கண்ணாடியில் நீர்த்துளிகள் படியும். பையைத் திறக்காமலேயே கூடத்தில் அரை மணி நேரம் வைத்து, பிறகு கிளம்புங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உடலை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். உப்பு உலோகத்தின் எதிரி.

களத்தில் சில குறிப்புகள்

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். சூரியன் காலை ஏழு மணியளவில் உதித்து வேகமாக மேலேறிவிடும். இளவெயிலின் மென்மை நெடுநேரம் நிற்காது. ஏழுக்கு முன்பே இடத்தில் இருங்கள்.

பாசிர் ரிஸ் பலகைப் பாதையில் முக்காலி வைத்து நீண்ட நேரத் திறப்பில் எடுக்கும்போது, மெதுவோட்டக்காரர் ஒருவர் கடந்தாலே பலகை அதிரும். அவர் போகும்வரை காத்திருங்கள். தீபாவளிக் காலச் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் முக்காலியே வேண்டாம். அங்கே சிறிய, பெரிய துளையுள்ள லென்ஸ்தான் கைகொடுக்கும்.

ஆந்தையின் கண்ணில் மின்விளக்கு அடிக்காதீர்கள். கூட்டின் இருப்பிடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். உணவு போட்டுப் பறவையை வரவழைப்பது முறையற்றது. 2020 முதல் வனவிலங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படியும் குற்றம்.

கடைசியாக ஒன்று

பெனின்சுலாவிலிருந்து 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தபோது அது தேர்வுக் காலம். தேர்வு முடியட்டும் என்று உலர்பெட்டியில் வைத்தேன். தேர்வு முடியும் முன்பே அப்பாயி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீடு திரும்பவில்லை.

தமிழ் முரசில் இரங்கல் அறிவிப்புக் கொடுக்க ஒரு படம் கேட்டார்கள். என் கணினியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாரைப் படங்கள் இருந்தன. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அப்பா அப்பாயியின் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கித்தான் மாலையிட்டோம். அடையாள அட்டையில் அப்பாயி சிரிக்கவில்லை. சமையலறையில் நான் எடுத்த மங்கல் படத்தில் சிரிக்கிறார்.

ஆகவே நண்பர்களே, கேமரா வாங்குங்கள், நல்ல பொழுதுபோக்குதான். அதற்கு முன் இந்த வாரக் கடைசியில் ஒரு பயிற்சி செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழட்டும். கையில் இருக்கும் தொலைபேசியால் கண்ணில் குவியம் வைத்து எடுங்கள். பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்து, பத்துப் படம் எடுங்கள். அதில் ஒன்றை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்ற கேள்வியை அதற்குப் பிறகு என்னிடம் வந்து கேளுங்கள். உட்கார்ந்து பேசுவோம்.