ஆபத்தில் உதவும் ஒலிக்குறி

புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் உலகில் அவ்வப்போது நேரும் பேரிடர்களாகும். அவற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆயினும், இடருற்றோர் இருக்கும் இடமும் அவர்க்கு வேண்டிய உதவியும் பிறர்க்கு உடனே தெரியுமாயின், பல உயிர்களைக் காத்தல் கூடும். இடர் நேர்ந்தவுடன் முதலில் அறுபடுவது பெரும்பாலும் செய்தித் தொடர்பே. மின்கம்பங்கள் சாய்கின்றன, தொலைபேசிக் கோபுரங்கள் செயலற்றுப் போகின்றன. அந்நிலையிலும் செய்தியைச் சுமந்து செல்லவல்லது அமெச்சூர் வானொலி. ஊதியம் கருதாது, விருப்பம் ஒன்றே காரணமாக வானொலிக் கலையைப் பயில்வோர் கையாளும் வானொலிக்கு அப்பெயர் வழங்குகின்றது. இக்கலைஞரை 'ஹாம்' என்றும் கூறுவர். அவர்கள் போற்றிக் காக்கும் பழைய மொழி மோர்ஸ் ஒலிக்குறியாகும்.

இக்குறிக்குத் தம் பெயரைத் தந்தவர் சாமுவேல் மோர்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர். 1825-ஆம் ஆண்டில் அவர் வாஷிங்டன் நகரில் ஓவியப் பணியில் ஈடுபட்டிருந்தபொழுது, நியூ ஹேவன் என்னும் ஊரில் அவருடைய மனைவியார் காலமானார். அத்துயரச் செய்தி கடிதத்தின் வாயிலாகவே அவரை வந்தடைந்தது. அவர் விரைந்து இல்லம் சேர்வதற்குள் நல்லடக்கமும் முடிந்துவிட்டது. செய்தி காலந்தாழ்த்து வருவதன் கொடுமையை அவர் தம் வாழ்விலேயே கண்டார். பிற்காலத்தில் ஆல்பிரட் வேல் முதலிய துணைவருடன் சேர்ந்து மின்சாரத் தந்தியை அமைத்து, 1844-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குப் பலரும் காணச் செய்தி அனுப்பிக் காட்டினார்.

மோர்ஸ் ஒலிக்குறியில் உள்ளவை இரண்டே: ஒன்று புள்ளி, மற்றொன்று கோடு. புள்ளி குறுகிய ஒலி. கோடு அதனினும் மும்மடங்கு நீண்ட ஒலி. இவ்விரண்டின் சேர்க்கையால் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிக்கப்படுகின்றன. மிகுதியாக வழங்கும் எழுத்துகளுக்குக் குறுகிய குறிகள் அமைந்துள்ளன. 'இ' என்னும் ஆங்கில எழுத்துக்கு ஒரு புள்ளி. 'டி' என்பதற்கு ஒரு கோடு. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என இடைவிடாது ஒலித்தால் அது 'எஸ்.ஓ.எஸ்.' என்னும் ஆபத்துக்குறியாகும். இதனை 1906-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு ஏற்றுக்கொண்டது.

இக்குறியின் பெருமையையும், அதனைக் கேட்போர் விழித்திருக்க வேண்டியதன் இன்றியமையாமையையும் டைட்டானிக் கப்பலின் வரலாறு விளக்கும். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில் அக்கப்பல் பனிப்பாறையில் மோதியது. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு என்னும் இரு தந்தியாளரும் ஆபத்துக்குறியை இடைவிடாது அனுப்பினர். கார்ப்பேதியா என்னும் கப்பலின் தந்தியாளர் உறங்கச் செல்லும் தறுவாயில் இருந்தார். எனினும் செவிக்கருவியைக் கழற்றவில்லை. அவர் கேட்டமையால் அக்கப்பல் விரைந்து சென்று எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அதனினும் அண்மையில் கலிபோர்னியன் என்னும் வேறொரு கப்பல் நின்றிருந்தது. அதன் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் மாண்டனர். கடைசிவரை கடமையாற்றிய பிலிப்சும் அவர்களுள் ஒருவர். இதன்பின், கப்பல்களில் இரவும் பகலும் கேட்டிருத்தல் வேண்டுமென 1914-ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் விதி வகுக்கப்பெற்றது.

அண்மைக் காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் காண்போம். அந்தமான் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்குப் பல்லாண்டுகளாக இசைவு கிடைக்கவில்லை. பாரதி பிரசாத் என்னும் அம்மையார் பெருமுயற்சி செய்து இசைவு பெற்று, 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் போர்ட் பிளேயர் நகரில் நிலையம் அமைத்தார். உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களுடன் உரையாடுவதே அவர் நோக்கம். அத்திங்கள் 26-ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளின் செய்தித் தொடர்பு குலைந்தது. பொழுதுபோக்காக நடந்த நிலையம் அன்றே மீட்புப் பணியின் துணையாயிற்று. தீவில் இருந்தோரின் நலம் பற்றிய செய்திகள் அதன் வழியே தாய்நாட்டில் ஏங்கிக் காத்திருந்த உறவினரை அடைந்தன. அமைதிக் காலத்தில் பயின்ற கலை ஆபத்துக் காலத்தில் கைகொடுத்தது.

குரலாலேயே பேசக்கூடிய இந்நாளில் மோர்ஸ் ஒலிக்குறி எதற்கு எனச் சிலர் வினவலாம். குரலைச் சுமக்க அலைவரிசையில் அகன்ற இடம் வேண்டும். ஒலிக்குறிக்கு மிகக் குறுகிய இடமே போதும். ஆகவே அனுப்பும் ஆற்றல் முழுவதும் அவ்விடத்தில் திரண்டு நிற்கின்றது. இரைச்சலில் பேச்சு மூழ்கிப்போன நிலையிலும், பழகிய செவி அம்மெல்லிய ஒலியைப் பிரித்தறியும். குறுகிய அலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், காலம் வாய்க்கும்பொழுது ஐந்து வாட்டு ஆற்றலே கடல் கடந்து செல்லும். அதற்குச் சிறு மின்கலம் ஒன்றே போதும்; நீண்ட கம்பி ஒன்றை மரத்தில் கட்டி அலைவாங்கியாகக் கொள்ளலாம்.

செய்தி சென்றால் மட்டும் போதாது. பிழையின்றிச் செல்லவும் வேண்டும். மருந்தின் அளவோ, ஊரின் பெயரோ மாறினால் உதவியே கேடாய் முடியும். எனவே, அமெரிக்க ஹாம் கலைஞர் செய்தியின் தலைப்பில் அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புவர். பெறுபவர் எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை மாறுபடின் மீண்டும் கேட்டுத் திருத்திக்கொள்வார்.

அமெரிக்க நாட்டில், வரக்கூடிய இடர்களுக்கு அஞ்சி உணவும் நீரும் மருந்தும் சேமித்து வைக்கும் குடும்பங்கள் பல உள. அவர்களுட் சிலர் வானொலிக் கருவியையும் வாங்கி வைப்பர். உணவைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். பயிற்சியை அவ்வாறு பூட்டிவைக்க இயலாது. கருவியை வாங்கிய ஒருவர் தேர்வெழுதி உரிமம் பெறாமலும், மறுமுனையில் கேட்கும் நண்பரைத் தேடிக்கொள்ளாமலும் இருப்பாராயின், ஆபத்தில் அது வெறும் பெட்டியாகவே இருக்கும். இதனை உணர்ந்த ஹாம் கலைஞர் 1933-ஆம் ஆண்டு முதல் ஜூன் திங்களில் திறந்த வெளியில் கூடி, மின்கலமும் மின்னாக்கியும் கொண்டு, ஓரிரவும் ஒரு பகலும் தொடர்ந்து செய்தி பரிமாறிப் பயில்கின்றனர்.

1999-ஆம் ஆண்டில் கப்பல்களின் ஆபத்துத் தொடர்பு முறையிலிருந்து மோர்ஸ் ஒலிக்குறி விலகியது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு தந்திச் சேவை நின்றது. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு முதல் ஹாம் தேர்வுக்கும் அது வேண்டப்படுவதில்லை. ஆயினும், கட்டாயம் நீங்கிய பின்னும் பலர் அதனை விரும்பிப் பயில்கின்றனர்.

மாணவர்களே! இக்கலையை நீங்களும் பயிலலாம். நம் நாட்டிலும் தேர்வெழுதி உரிமம் பெற்றவரே வானொலியில் செய்தி அனுப்பலாம். அனுப்பக் கற்குமுன் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆபத்தில் இருப்பவன் அழைக்கும்பொழுது அதனைக் கேட்க ஒரு செவி விழித்திருக்குமாயின், அவன் தனியன் ஆகான்.