குழிக்குள்ள வலம் வா

நீ அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். தேக்குப் பலகையில குங்குமம், மஞ்சள், விபூதின்னு மூணு குழி. தரை வரப்பு மாதிரி ஏறி இறங்குது, மூலையெல்லாம் கருகல். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா சரியாயிடுமாக்கா?"ன்னு கேட்டிருக்கே. ஆகாதுடி. அரை நாள் தேய்ச்சா வழவழப்பான வரப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

நீ குழி வெட்டற டிரிம்மர் மெஷினோட அடித்தட்டு சுமாரா 90 மி.மீ. அகலம். குழியோ 80 மி.மீ. நடுவுல மரம் இருக்கிற வரைக்கும் தட்டு அசையாம உட்காரும். நடுவைத் தோண்டிட்டு ஓரத்துக்குப் போனா, தட்டுல பாதிக்கு மேல அந்தரத்துல தொங்குது. கை லேசா சாய்ஞ்சாலும் பிட்டோட ஒரு முனை தரையைக் கடிச்சிடும். அதுதான் உன் வரப்பு.

அதனால முதல்ல அகலமான தட்டு ஒண்ணு பண்ணிக்கோ. பேர்ப்பலகை செய்யற கடையில 6 மி.மீ. அக்ரிலிக் வெட்டுத் துண்டு கிடைக்கும். 250 மி.மீ. சதுரம் போதும். நடுவுல பிட் போக 25 மி.மீ. துளை போட்டு, டிரிம்மரோட கறுப்புத் தட்டைக் கழட்டி, அதே ஓட்டைகளைக் குறிச்சு மாட்டிடு. ஸ்க்ரூ தலை வெளியே துருத்தக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு கரையிலயும் இந்தத் தட்டு தாங்கும், மெஷின் சாய இடமே இருக்காது. இவ்வளவு அகலத் தட்டு பலகையைத் தாண்டி நிக்குமே, அதனால பலகையோட ரெண்டு பக்கமும் அதே தடிமன்ல கட்டை வெச்சு அணைச்சுக்கோ.

அடுத்தது டெம்ப்ளேட். 12 மி.மீ. எம்டிஎஃப்ல குழியோட அளவுக்குத் துளை வெட்டி, ரெட்டைப் பக்க டேப்பால பலகை மேல ஒட்டிடு. தண்டுப் பக்கம் பேரிங் இருக்கிற பிட் இந்த டெம்ப்ளேட் ஓரத்தைத் தடவிக்கிட்டே போகும். ஓரத்துல ஒரு மேடு இருந்தா, அதே மேடு தேக்குலயும் வந்து நிக்கும். தேய்க்கற ஆசையை இங்கதான் தீர்த்துக்கணும். எம்டிஎஃப் தேய்க்கறதுக்கு வெண்ணெய் மாதிரி.

பிட் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட ரெண்டு விஷயம் கேளு. ஒண்ணு, கார்பைடா? தேக்குல மணல் சத்து உண்டு, சாதா இரும்பு முனை சீக்கிரமே மழுங்கிடும். இன்னொண்ணு, வெட்டற பகுதி எவ்வளவு நீளம்? 12 மி.மீ. ஆழக் குழிக்கு 12 மி.மீ. வெட்டு இருக்கிறதே சரி. ஆசைப்பட்டு 20 மி.மீ. வாங்கினா, முதல் சுத்துல பேரிங் டெம்ப்ளேட்டுக்கு மேல நிக்கும், கீழே பிட் டெம்ப்ளேட்டையே தின்னுடும். பின்னே எதைப் பார்த்து வெட்டறது?

பிட்டை மாட்டறதுல நான் பட்டதைச் சொல்றேன். அவசரத்துல, பிட்டைப் பிடிக்கிற காலெட்டை அரைகுறையா முறுக்கிட்டேன். வெட்ட வெட்ட பிட் மெதுவா கீழே நழுவி இறங்கியிருக்கு, சத்தத்துல எனக்குத் தெரியலை. முடிச்சுப் பார்த்தா குழியோட ஒரு பக்கம் 10 மி.மீ., மறுபக்கம் 13. அந்தப் பலகை இப்போ தோசைக்கல் வைக்கிற மணை. தண்டை அடி வரைக்கும் தள்ளிட்டு 2 மி.மீ. வெளியே இழு, அப்புறம் ரெண்டு ஸ்பானர் போட்டு இறுக்கு. காலெட்டுக்குள்ள தூள் இருந்தா ஊதித் துடை. பிட்டைத் தொடறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கிடணும்னு உனக்குத் தனியா சொல்ல வேண்டாம், இருந்தாலும் சொல்லிட்டேன்.

பிட்டை நேரா மரத்துல குத்தி இறக்காதே. 20 மி.மீ. போர்ஸ்ட்னர் பிட்டை டிரில்ல மாட்டி, குழிக்குள்ள அங்கங்க ஓட்டை போட்டு மரத்தைக் காலி பண்ணிடு. அந்த பிட்டுக்கு நடுவுல ஒரு கூர் இருக்கும், அது இன்னும் கீழே இறங்கும். அதனால 9 மி.மீ.யோட நிறுத்திக்கோ. அப்புறம் டிரிம்மர் பிட்டை ஒரு ஓட்டைக்குள்ள எதுலயும் படாம இறக்கி, தட்டு டெம்ப்ளேட் மேல சமமா உட்கார்ந்த பிறகு ஸ்விட்சைப் போடு.

எந்தப் பக்கம் தள்ளறதுன்னு குழப்பமே வேண்டாம். குழிக்குள்ள வலம் வரணும், கோயில் பிரகாரத்துல போற மாதிரி. அப்படிப் போனா பிட் சுத்தறதுக்கு எதிரா மரம் வரும், மெஷின் கைக்கு அடங்கும். இடமா சுத்தினா பிட்டே மெஷினை இழுத்துக்கிட்டு ஓடும். பலகையோட வெளி ஓரத்தை வெட்டும்போது மட்டும் இது தலைகீழ்.

ஒரு சுத்துக்கு 3 மி.மீ. ஆழம் போதும். கடைசிச் சுத்து வரைக்கும் பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம், 1 மி.மீ. தள்ளியே ஓட்டு. 11½ மி.மீ. வந்ததும் நிறுத்தி, தூளையெல்லாம் உறிஞ்சி எடுத்துடு. கடைசியா முழு ஆழத்துக்கு வெச்சு, தரை முழுக்க அரை மி.மீ. சீவிட்டு, சுவரை ஒட்டி ஒரே மூச்சுல ஒரு வலம். நீ வழவழப்புன்னு தேடறியே, அது இந்த ஒரு சுத்துலதான் வருது. இதுல மட்டும் நடுவுல நிக்கக் கூடாது. மூலையில யோசிச்சு நின்னேன்னா அங்க கருகிடும். தேக்கு எண்ணெயும் தூளும் சேர்ந்து பிட்டுல பிசினா ஒட்டினாலும் கருகும். பிட் ஆறினதும் மண்ணெண்ணெய் துணியால துடைச்சுக்கோ.

மூலை வளைவாத்தான் வரும், 12 மி.மீ. பிட்டுக்கு 6 மி.மீ. ஆரம். குங்குமக் குழிக்கு அதுதான் அழகு, விரல் விட்டு எடுக்கவும் வசதி. கீல் உட்கார்ற பள்ளம்னா மட்டும் உளியால சதுரமாக்கு. அப்பவும் தரையில ஏதாவது மிச்சம் தெரிஞ்சா, அகல உளியை நட்டமா பிடிச்சுச் சுரண்டினா போயிடும். இதுக்குன்னே ஒரு கை இழைப்புளி உண்டு. நடுவுல ஒத்தைப் பல் துருத்திக்கிட்டு இருக்கும், அதனால இங்கிலாந்து தச்சருங்க அதுக்கு வெச்ச பேரு 'கிழவிப் பல்'.

துப்பட்டா, வளையல் எல்லாம் கழட்டி வெச்சுடு. பின்னலைத் தூக்கிக் கட்டு. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கரண்ட் போனா முதல் வேலையா ஸ்விட்சை அணை. நீ டீ குடிக்கப் போன நேரத்துல கரண்ட் வந்தா மெஷின் தானா ஓட ஆரம்பிச்சிடும்.

டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போட்டுடாதே. அது மேலயே "12 பிட், 12 வெட்டு, ஆழம் 12"ன்னு பென்சில்ல எழுதி ஆணியில மாட்டி வை. இந்தக் குங்குமப் பலகையை சித்தி பார்த்துட்டாங்கன்னா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்கு ஒண்ணு வேணும்பாங்க.