மீத்திறப் பிள்ளைகளைத் தெரிதல்

மீத்திறன் வாய்ந்த பிள்ளையைக் கண்டறிவது ஆசிரியர் கண்ணும் பெற்றோர் முயற்சியுமே எனின், அவ்விரண்டுங் கிட்டாத பிள்ளையின் கதி யாது? இதற்கு ஐக்கிய அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் புறோவாட் மாவட்ட அரசாங்கப் பாடசாலைகளில் நிகழ்ந்ததை யாம் எடுத்துக்காட்டுவோம்.

அங்கே 2005 வரை ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளே நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பப்பட்டனர். வசதியுள்ளோர் தனியார் உளவியலாளருக்குப் பணங் கொடுத்துஞ் சோதிப்பித்தனர். அவ்வாண்டு முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவர்க்கும் முதற்சோதனை ஒன்று வைக்கப்பட்டது. சொற்களை நீக்கி உருவங்களால் அமைந்தமையின், ஆங்கிலம் நன்கறியாதார்க்கும் அது தடையாகவில்லை. அதில் உயர்ந்த புள்ளி பெற்றோர் உளவியலாளரிடம் அனுப்பப்பட்டனர். தகுதியெல்லை 130, வறிய பிள்ளைகட்கும் ஆங்கிலம் பயில்வோர்க்கும் 116. இவ்வெல்லைகள் முன்னரும் இருந்தவையே என்பது கருதற்பாலது. எல்லை மாறாதிருக்கவும், கறுப்பினத்தார், இசுப்பானிய வழியினர், வறியோர் ஆகியோரின் பிள்ளைகள் பலர் புதிதாகத் தெரிவாயினர். முன்னரும் அவ்வகுப்பறைகளிலேதான் அவர்கள் இருந்தனர், சோதிப்பாரில்லை. பின்னர்ப் பணமுடையால் அம்முறை கைவிடப்படவே பழைய நிலை மீண்டது.

நம் நாட்டு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு எவரும் பரிந்துரைக்க வேண்டுவதில்லை. வெட்டுப்புள்ளியும் மாவட்டந்தோறும் வேறுபடும். இவை நன்றே. ஆயினும், தனியார் வகுப்புக்களில் ஆண்டுக்கணக்காய்ப் பழகிய பிள்ளையிடத்து அப்பரீட்சை அளப்பது அறிவையோ பயிற்சியையோ என யாம் ஐயுறுகின்றோம். நுவரெலியா மாவட்டத்திலே நகரத்துப் பிள்ளைக்குந் தோட்டத்துப் பிள்ளைக்கும் தமிழ்மொழி மூல வெட்டுப்புள்ளி ஒன்றே.